வேலைக்குப் போகாதவள்

சுந்தரராஜுலுவுக்கு வாயைத் திறந்தால் இரண்டு பெருமைகள். ஒன்று, கோயமுத்தூரில் பிளாட்டினம் எடுக்கத் தெரிந்த நாலைந்து பேரில் தானும் ஒருவர் என்பது. இன்னொன்று, தன் வீட்டுப் பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை என்பது. முதலாவதில் கொஞ்சம் மிகை உண்டு. இரண்டாவது சுத்தப் பொய். பொய் என்று தெரியாமலே அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் மட்டுமா? அவர் மனைவி வெங்கடலட்சுமியும் அதை அப்படியே நம்பினாள். அந்த நம்பிக்கைதான் கடைசியில் அவள் பிழைக்க இருந்த வழியை அடைத்தது.

வெங்கடலட்சுமி அவிநாசிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா அரங்கசாமி கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் மஞ்சள் போடுவார். மஞ்சளை வேக வைப்பதும், களத்தில் காயப் போடுவதும், பதம் பார்த்துப் புரட்டுவதும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கைவந்த காரியம். கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது புருஷன் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் பம்புகளுக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்தார்கள். லேத்து சத்தத்தில் பேச்சு கேட்காது. பிறகு ஆர்டர்கள் வடக்கே போய்விட்டன. லேத்துகள் சும்மா கிடந்தன. சுந்தரராஜுலு ஒரு வருஷம் போல வாசலையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் எங்கோ கேட்டு, யாரிடமோ கற்று, பழைய கார்களின் புகைக்குழாய்களை வாங்க ஆரம்பித்தார்.

காரின் புகைக்குழாயில் ஓர் இடத்தில் உப்பிய வயிறு மாதிரி ஒரு டப்பா இருக்கும். மெக்கானிக்குகள் கன்வெர்ட்டர் என்பார்கள். அதை அறுத்தால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு பீங்கான் கட்டி. அந்த ஓட்டைகளின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பூசியிருப்பதுதான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். என்ஜின் கக்கும் விஷப்புகை அந்த ஓட்டைகள் வழியாகப் போகும்போது விஷம் முறிந்துவிடும். உலோகம் அப்படியே இருக்கும். கார் காயலான் கடைக்குப் போன பிறகும் இருக்கும்.

விருந்தோ விசேஷமோ, நாலு பேர் கூடிய இடத்தில் சுந்தரராஜுலு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பந்தி முடிந்தாலும் பேச்சு முடியாது.

"தங்கத்துக்கெல்லாம் பெரியண்ணன் இதுங்க. துருப் புடிக்காது, கறுக்காது, எதோடவும் ஒட்டாது. நெஞ்சுக்குள்ள வெக்கறாங்களே பேஸ்மேக்கர், அதோட கம்பி நுனில இதுதானுங்க இருக்குது. நகைக்கடைல வெள்ளைத் தங்கம் பளபளன்னு மின்னுதே, அது மேல பூசறது ரோடியம். புத்துநோய்க்கு ஏத்தற மருந்துலகூட பிளாட்டினம் இருக்குதுங்க. மனுசனுக்கு நல்லது பண்ணுமே தவிர ஒரு கெடுதலும் பண்ணாது."

உலோகத்தைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பீங்கானுக்குள் ஒளிந்திருக்கும் உலோகம் கூப்பிட்டால் வந்துவிடாது. கட்டியை இடித்து, ராஜதிராவகம் என்ற கடும் ஆசிட் கலவையில் ஊற வைத்துக் காய்ச்ச வேண்டும். செம்மண் நிறப் புகை கிளம்பும். உலோகம் கரைந்து இறங்கும். வடிகட்டிய நீரில் நவச்சார உப்பைக் கரைத்து ஊற்றினால் அடியில் மஞ்சள் மஞ்சளாக ஒரு பொடி படியும். அந்தப் பொடியை நன்றாக உலர்த்தி, மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் வைத்துச் செக்கச் சிவக்கச் சுட்டால்தான் கடைசியில் சாம்பல் நிறத்தில் பிளாட்டினம் கிடைக்கும்.

இதில் ஆசிட் வேலையெல்லாம் பட்டறையில் வேலைக்கு இருந்த அருண்குமார் பார்த்துக்கொண்டான். அவனுக்கு முகமூடி உண்டு, கையுறை உண்டு, கண்ணாடி உண்டு, தலைக்கு மேல் புகையை இழுக்கும் விசிறியும் உண்டு. அந்த விஷயத்தில் சுந்தரராஜுலுவைக் குறை சொல்ல முடியாது. ஆசிட் என்றால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் பொடி வந்ததும் கதை மாறிவிடும். அது சரக்கு. விரல் நுனியில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு போனால்கூட நஷ்டம். வெளியாளை நம்பி அதைக் கொடுக்க முடியுமா? அதனால் பொடி வீட்டுக்குள் வந்தது. பூஜை அறைக்குப் பக்கத்து அறையில், குளித்துவிட்டு வந்த வெங்கடலட்சுமி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வீட்டு ஆள் கைதானே சுத்தம்.

கதவைச் சாத்துவாள். ஜன்னலைச் சாத்துவாள். மின்விசிறி போட்டால் பொடி பறக்கும் என்று அதையும் போட மாட்டாள். கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, விளக்குச் சூட்டில் உலர்த்தி, கட்டி தட்டியதைக் கல் குழவியால் நசுக்கி, பழைய வேட்டித் துணியில் சலிப்பாள். சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். முகமூடி வேலைக்காரர்களுக்கானது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு?

அதற்கு அந்த வீட்டில் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். மஞ்சள் பார்ப்பது. "இன்னிக்கு மஞ்சள் பாக்கோணும், சமையலைச் சீக்கிரம் முடிச்சுக்கிறேன்" என்பாள். அதில் அவளுக்குக் கெட்டிக்காரத்தனமும் வந்துவிட்டது. நிறத்தைப் பார்த்தே ஈரம் போய்விட்டதா என்று சொல்வாள். முதன்முதலில் சுட்டு எடுத்ததைக் காட்டியபோது மட்டும் அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. "இத்தனை அழகான மஞ்சளைச் சுட்டு அடுப்புச் சாம்பலாட்டம் ஆக்கிப்போட்டீங்களே" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

துளி வீணாகாது அந்த அறையில். தரையைத் துடைத்த துணியை எரித்து அதிலிருந்தும் எடுப்பார்கள். அவள் அந்த வேலைக்கென்றே கட்டும் சேலைகள் நைந்து போனதும் அவையும் மூசைக்குப் போகும். அவள் மூச்சுக்குள் போனதை மட்டும் யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

முதலில் தும்மல் வந்தது. பிறகு மணிக்கட்டில் அரிப்பு. அதற்கப்புறம் நெஞ்சு இறுகி, பூனை உறுமுவது போல மூச்சில் ஒரு சத்தம். அவிநாசிக்குப் போய் அப்பா வீட்டில் தங்கினால் எல்லாம் நின்றுவிடும். கணபதிக்குத் திரும்பி மஞ்சள் பார்த்த மறுநாள் மறுபடியும் ஆரம்பிக்கும். சுந்தரராஜுலு கிண்டல் செய்வார்: "பொறந்த ஊட்டுக்குப் போனா இருமல் நின்னுபோகுது. நல்ல இருமல்தான் போ." அவளும் சிரிப்பாள். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஒரு முறை மூச்சு ரொம்பவே முட்டியபோது நெஞ்சு நோய் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார்.

"மாவு, பஞ்சு, கெமிக்கல், இந்த மாதிரி தூசில ஏதாச்சும் வேலை பாக்கறீங்களாம்மா?"

வெங்கடலட்சுமி யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்கெல்லாம் போறதில்லைங்க டாக்டர்."

அவள் தலையாட்டினாள். மனதறிந்து மறைக்கவில்லை. வேலை என்பது வாசல் தாண்டிப் போய்ச் செய்வது. மில்லுக்குப் போகிறவர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் செய்வது. தான் செய்வது புருஷனுக்கு ஒத்தாசை. அதைப் போய் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? டாக்டர் மூச்சோடு இழுப்பதற்கு ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். அவள் அதை மஞ்சள் பார்க்கும் அறையிலேயே வைத்துக்கொண்டாள். இறுக்கம் வந்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் பொடியைச் சலிப்பாள். வருஷங்கள் அப்படியே ஓடின.

மகள் பிரத்யுஷா படித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, சசிதர் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். மகள் மட்டும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டால், "அது ஆபீஸ் உத்தியோகமுங்க" என்பார் சுந்தரராஜுலு. நிச்சயதார்த்தத்தில் பிள்ளையும் பெண்ணும் பிளாட்டினம் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். வெங்கடலட்சுமி மகளின் விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தன் கையில் புரண்ட பொடியில் ஒரு சிட்டிகை இதில் இருக்குமோ என்று ஓர் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

போன ஆண்டு வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்று சுக்கு, ஓமம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனார்கள். சினைப்பையில் புற்றுநோய், வயிற்றுக்குள் பரவியும் இருந்தது. ஆபரேஷன் முடிந்தது. புற்றுநோய் டாக்டர் இனியா, பிரத்யுஷாவைவிடக் கொஞ்சம் மூத்த பெண், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"முடிஞ்ச மட்டும் எடுத்தாச்சும்மா. மிச்சத்தை மருந்துதான் பாக்கணும். பிளாட்டினத்துல செஞ்ச மருந்து. இந்த நோய் பெரும்பாலும் அதுக்கு நல்லாவே கேக்கும்."

சுந்தரராஜுலுவின் முகம் அத்தனை நாளைக்குப் பிறகு மலர்ந்தது. மருந்து ஏற்ற வந்த நர்ஸிடம், "இதுல பிளாட்டினம் இருக்குது, தெரியுமுங்களா?" என்று பாடம் எடுத்தார். மனைவியின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நம்ம சரக்குதான் லட்சுமி. பயப்படாத. நம்மளைக் கைவிடாது."

அவளுக்கும் மனசு லேசாயிற்று. மற்றவர்களுக்கு அது ஏதோ மருந்து. தனக்குத் தெரிந்த பொருள் அல்லவா, இத்தனை வருஷம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட பொருள் அல்லவா என்று நினைத்துக்கொண்டாள். முழுகாமல் இருந்த பிரத்யுஷாவுக்குக் குழந்தை பிறப்பதற்குள் எழுந்து நடமாடிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூளியில் போடும் வரை உயிர் இருந்தால் போதும். வேறெதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

பாட்டிலில் மருந்து ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்காது. மணிக்கட்டில் அரித்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஏனுங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள். "இது மஞ்சள் பாக்கறப்ப வர்ற அரிப்பாட்டவே இருக்குதுங்க."

அடுத்து தொண்டை அடைத்தது. உதடு வீங்கியது. கட்டிலைச் சுற்றி ஆட்கள் ஓடி வந்தார்கள். மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, மூச்சு திரும்ப வைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் டாக்டர் இனியா குழப்பத்தோடு வந்து நின்றாள்.

"இந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்காதும்மா. ஆனா பல தடவை ஏத்தினப்புறம்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். உங்களுக்கு முதல் தடவையே இப்படின்னா, உங்க உடம்பு இதை முன்னாடியே எங்கியோ பாத்திருக்கு. ஏதாவது வேலை செஞ்சீங்களா?"

"வேலைக்கெல்லாம் அனுப்பினதில்லைங்க," என்றார் சுந்தரராஜுலு. நாக்குக்குப் பழகிய வாக்கியம், தானாக வந்தது.

"மஞ்சள் பாத்தேனுங்க," என்றாள் வெங்கடலட்சுமி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடித் தட்டு, கல் குழவி, வேட்டித் துணி, சாத்திய ஜன்னல். சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு தெம்பு வந்தது. நிறத்தை வைத்துப் பதம் பார்ப்பதைக்கூடச் சொன்னாள். அந்த வேலையைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து கேட்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க டாக்டரின் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"உலோகமா இருக்கற வரைக்கும் அது யாரையும் ஒண்ணும் செய்யாதும்மா," என்றாள் இனியா மெதுவாக. "உங்க பொண்ணு மோதிரம் போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆசிட்ல கரைஞ்சு அந்த மஞ்சள் உப்பா மாறுது பாருங்க, அப்பதான் ஆபத்து. மூச்சுல போகப் போக உடம்பு அதை எதிரியா எழுதி வெச்சுக்கும். அப்புறம் அதோட சாயல் தெரிஞ்சாலே சண்டைக்கு வந்துரும்."

"இருமலுக்குப் போனப்பவே ஒரு டாக்டர் கேட்டாருங்க," என்றாள் வெங்கடலட்சுமி.

"அப்ப சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பாரு. நிறுத்தியிருந்தா ஒருவேளை இன்னிக்கு இந்த மருந்து ஒத்துக்கிட்டிருக்கும்," என்றாள் இனியா.

இனியா எளிதில் விட்டுவிடுகிற ஆளும் இல்லை. மருந்தைத் தண்ணீர் போலக் கரைத்து, துளித் துளியாக, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து ஏற்றிப் பார்த்தாள். உடம்பு ஏமாறவில்லை. இந்த முறை இன்னும் மோசமாக அடைத்தது. அதே பிளாட்டினக் குடும்பத்து இன்னொரு மருந்தின் ஒரு துளியைத் தோலில் வைத்துக் குத்திப் பார்த்தார்கள். அந்த இடம் தேள் கொட்டியது போலத் தடித்தது. அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது.

"வேற மருந்து இருக்கும்மா. ஆனா இந்த நோய்க்கு அடிப்படையே அதுதான். மத்ததெல்லாம் அதுக்குத் துணைக்கு நிக்கறது."

"சரியாப் போயிருங்களா?"

"கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்மா."

வீட்டுக்குத் திரும்பியதும் சுந்தரராஜுலு கேட்டார்: "அதையெல்லாம் எதுக்கு லட்சுமி அங்க சொன்னே? நர்ஸு, ஆயா எல்லாம் நிக்கறாங்க. நான் என்னமோ பொண்டாட்டியைக் கூலிக்கு வேலை வாங்கினவனாட்டம் பாக்கறாங்க." கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அன்றே அந்த அறையைப் பூட்டினார். பட்டறையையும் நிறுத்திவிட்டார். சென்னை, வேலூர் என்று டாக்டர் டாக்டராக அலைந்தார். யார் காலில் வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தார். என் மனைவி வேலை செய்தாள் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை.

அவருடைய அண்ணன் நரசிம்மலு சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு உச்சுக் கொட்டினார்.

"நோகாம நொங்கு தின்ன உடம்புப்பா. இதுக்கு எப்படி வந்துச்சு இந்தக் கருமம்?"

வெங்கடலட்சுமி படுத்தபடியே கணவரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். நோய் வந்தது மஞ்சள் பார்த்ததால் அல்ல, அது அவளுக்கும் தெரியும். ஆனால் நோகாமல் இருந்த உடம்பு என்பதற்காவது மறுப்பு வேண்டாமா?

"அதானுங்கண்ணா," என்றார் சுந்தரராஜுலு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு துரும்பை எடுத்துப் போட உட்டதில்லை."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாவு பயத்தைவிடப் பெரிய கோபம். கத்த வேண்டும் என்று வாயெடுத்தாள், இருமல்தான் வந்தது. நரசிம்மலு எழுந்து தண்ணீர் கொடுத்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

துணை மருந்து அவளுக்கு மாசத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். போன முறை பக்கத்துக் கட்டிலில் ராசாத்தாள் என்று ஒருத்தி, காங்கேயத்துக்காரி. அவளுக்கும் அதே சினைப்பைதான். முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். பிழைத்துக்கொள்வாய் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். அவள் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது பிளாட்டின மருந்து. பாட்டிலைப் பார்த்ததுமே வெங்கடலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

"நான் கொப்பரைக் களத்துல வேலைங்க. தேங்கா ஒடச்சுக் காயப் போடறது. சின்னதுல இருந்து அதேதான். எந்திரிச்சதும் மறுபடி களத்துக்கே போயிருவேன்," என்றாள் ராசாத்தாள். "உங்களுக்கு என்ன வேலைங்க அம்மணி?"

காலடியில் உட்கார்ந்திருந்த சுந்தரராஜுலு நிமிர்ந்தார். "அவங்க ஊட்டுல..." என்று தொடங்கினார்.

வெங்கடலட்சுமி ஊசி குத்திய கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

"நானும் வேலைக்காரிதானுங்க. பிளாட்டினம் எடுக்கற வேலை. உங்க பாட்டில்ல இறங்குது பாருங்க, அதேதான்."

ராசாத்தாள் தலையைத் தூக்கித் தன் பாட்டிலைப் பார்த்தாள். கண்ணை விரித்தாள்.

"அட சாமி! இத்தனை ஒசத்தியான வேலையா பாத்தீங்க? அப்ப இது உங்களுக்கு வேண்டிய மட்டும் கெடைச்சிருக்குமே."

"கெடைச்சுதுங்க," என்றாள் வெங்கடலட்சுமி. "எம் பங்கு அப்பவே கெடைச்சுபோச்சு."

சுந்தரராஜுலு எழுந்து போகவில்லை. ராசாத்தாளின் பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும் வரை வெங்கடலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.